பச்சை வளையக்காரி

மரக்காணம்
சித்திரை, கடைசி வாரம்

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

வைஜெயந்தி எழுதுகிறேன். அப்பா நலம். வீடு நலம். நானும் நலம் என்று எழுதச் சொன்னார் அப்பா, எழுதிவிட்டேன். திருப்பூரில் நீயும் மாமாவும் மங்கம்மா அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கால் வீக்கம் வடிந்ததா? இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாயா, இல்லை வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாக எறிகிறாயா?

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று அப்பாவிடம் கேட்டாயாம். "அவளுக்கு எம்மேல கோவமாப்பா?" என்றாயாம். கோபமெல்லாம் இல்லை. மாமாவின் போனை உன் மாமியார் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் மூன்று பேர் பதில் சொல்கிறீர்கள். எனக்கு நாக்கு உள்ளே போய்விடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் தெரியாது என்று நீதானே சொன்னாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் பேசும்போது "பாப்பா ரொம்ப உதைக்குதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து பாப்பா என்றால் நான்தான். பக்கத்து வீட்டு அஞ்சம்மா பெரியம்மா இப்போதும் ரேஷன் கடை வரிசையில் "பாப்பா, பையைப் புடி" என்று கத்துகிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும். அந்தப் பெயரே வேண்டாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் நீ அதைத் தூக்கி, இன்னும் முகம்கூடத் தெரியாத ஒன்றுக்குக் கொடுத்துவிட்டாய் என்று கேட்டதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மாமா ஸ்டேட்டஸில் வைத்திருந்த ஸ்கேன் படத்தையும் பார்த்தேன். எல்லாரும் இதயம் போட்டிருந்தார்கள். எனக்கு அது உப்பு மூட்டைக்குள் எலி சுருண்டு படுத்திருப்பதுபோல இருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி.

அஞ்சம்மா பெரியம்மா வந்து பழைய புடவை கேட்டார். "தூளி கட்டணும், துணி கிழிக்கணும், இப்பவே தொவச்சி எடுத்து வெச்சிடணும்டி. புதுத்துணி பச்சப் புள்ளைக்கு ஒத்துக்காது" என்றார். அவர் கேட்டது உன் நீலப் புடவையை. அம்மா கட்டியது, அப்புறம் நீ கட்டியது. எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. எந்த எலியும் அதை நெருங்க முடியாது.

உப்பளத்தில் இந்த வருஷம் விளைச்சல் பரவாயில்லை. வெயில் நன்றாகக் காய்கிறது. நம் மேற்குப் பாத்தி வரப்பில் நெட்டைக்கால் குருவி முட்டை வைத்திருக்கிறது. உனக்குத் தெரியுமே, சிவப்புக் குச்சி மாதிரிக் கால், கறுப்பு இறக்கை, ஆளைக் கண்டால் கீக் கீக் என்று தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வரும். சேற்றோடு சேறாக நாலு முட்டை. அப்பா அந்த வரப்பில் நடப்பதையே விட்டுவிட்டார். வாரிய உப்பை நாங்கள் சுற்றிக்கொண்டு போய்க் கொட்டுகிறோம். பக்கத்துப் பாத்தி பக்கிரி மாமா, "என்னா தட்சணாமூர்த்தி, குருவிக்கு வரப்பைக் குத்தகைக்கு உட்டுட்டியா?" என்று கேட்டார். அதற்கு அப்பா, "பிரசவம் நடக்கிற வூட்டு வாசல்ல நாம எதுக்குப்பா குறுக்க நடக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டியைப் பார்த்தேன்.

ஏனென்றால் அதையே அவர் என்னிடம் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வரலாமா, உன்னால் பார்த்துக்கொள்ள முடியுமா என்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தாய் இருக்கிற வீட்டுக்குத்தானே அந்த வழக்கம். இங்கே தாயாக இருந்தவள் நீ. நீயே வந்து உனக்கே பார்த்துக்கொள்வாயா? நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பறவைகளைக் கவனித்து எழுதிக்கொண்டு போக ஜான்சி அக்கா என்று ஒருவர் பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார். நல்ல அக்கா. எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார். பைனாகுலரை என் கழுத்திலேயே மாட்டிவிட்டார். எனக்குத் தலை பின்னிவிட்டார் என்றுகூட எழுத நினைத்தேன், உனக்குக் கொஞ்சம் வயிறெரியட்டும் என்று. ஆனால் அது பொய். தொப்பி மட்டும்தான் நிஜம்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வைஜெயந்தி
(முன்னாள் பாப்பா)


மரக்காணம்
வைகாசி, நடுவில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. எலி கடித்த புடவையை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெயரை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். பங்கு போட அது என்ன உப்பா? கையெழுத்து ஏன் அப்படி நடுங்கியிருக்கிறது? பேருந்தில் எழுதினாயா, இல்லை விரலும் வீங்கிவிட்டதா? அதை மட்டும் நீ எழுதவில்லை.

முட்டையெல்லாம் பொரிந்துவிட்டன. நாலு குஞ்சு. முட்டைமேல் உட்கார்ந்திருந்த நாளில் அந்தப் பறவை பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் நாங்கள் கொட்டகைக்குப் போய்விடுவோம். அது போகாது. ஓடிப்போய்ப் பாத்தித் தண்ணீரில் வயிற்றை நனைக்கும், திரும்பி வந்து ஈர வயிற்றோடு முட்டைமேல் உட்காரும். காய்ந்ததும் மறுபடி போகும். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்காருகின்றன, ஆனாலும் அந்தப் பெண் பறவை வாயைத் திறந்துகொண்டு நிற்கிற நிலையைப் பார்த்தால் எனக்குத் தண்ணீர் இறங்காது. அதன் காலில் பச்சை வளையம் இருக்கிறது. போன வருஷம் ஜான்சி அக்கா போட்டுவிட்டது. பச்சை வளையக்காரி என்று நான் பெயர் வைத்தேன்.

போன வருஷம் பக்கிரி மாமா வரப்பில் அவள் நாலு குஞ்சையும் பறக்கவிட்டாளாம். நாலும் பிழைப்பது அபூர்வம் என்று ஜான்சி அக்கா சொன்னார். அதனால் இந்த வருஷம் அவள் வருவாளா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்றதெல்லாம் வந்து முட்டை வைத்த பிறகு, கடைசியில், இளைத்துப்போய் வந்தாளாம். எனக்குப் புரியவில்லை. நன்றாக வளர்த்தவள் ஏன் வரமாட்டாள் என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்: "வளர்க்கிற செலவெல்லாம் அதுங்க ஒடம்புலேர்ந்துதான் போவுது வைஜி. நெறைய வளர்த்ததுங்கள்ல பல பறவைங்கள அடுத்த வருஷம் நாங்க பாக்கறதே இல்ல. எல்லாம் அப்படி இல்ல, ஆனா அப்படி நெறைய. ஒரு வருஷம் வளர்க்காம சும்மா இருந்துதுன்னு வெச்சிக்கோ, எறகெல்லாம் எண்ணெய் தடவுன மாதிரி வரும்."

அதற்குப் பிறகு அந்த நாலு குஞ்சையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவை என்ன செய்கின்றன தெரியுமா? தானே பொறுக்கித் தின்னத் தெரியும், ஓடத் தெரியும். கொஞ்சம் வெயில் ஏறினால் போதும், நாலும் ஓடிவந்து அவள் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொள்கின்றன. இரண்டு கால் பறவைக்குக் கீழே பத்துக் கால் தெரிகிறது. அவை நிழலில் இருக்கின்றன, அவள் முதுகு வெயிலில் காய்கிறது. காக்கை வந்தால் அவள்தான் எழும்பிப் போய்க் கத்துகிறாள். குஞ்சுகள் நாளுக்கு நாள் உருண்டு திரள்கின்றன. அவள் கழுத்து குச்சியாகிவிட்டது. கல்லெடுத்து எறியலாமா என்றுகூட எனக்கு வந்தது. எறியவில்லை.

நேற்று மாமா போனில் வீடியோ போட்டார். நீ வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. உன் கழுத்து எலும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் எங்கே போனது? ரத்தம் பத்தவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்ன பிறகும் பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டப் போகிறாய் என்று மாமா வாய் தவறிச் சொன்னார். அப்போது அந்த ஸ்கேன் படம்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. சரி, அதை எழுதக் கூடாது.

போனை வைத்த பிறகு வேறொன்று தோன்றியது. நீ எட்டாவதோடு நின்றாய். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தாய். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு, வால் உனக்கு. வால்தான் ருசி என்பாய். நான் ரொம்ப நாள் அதை நம்பினேன். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் பாப்பா பத்தாவது முடிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினாய். முடித்தேன். நீ கல்யாணமாகிப் போனதும் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன் என்று ஒரு மாசம் என்னோடு பேசாமல் இருந்தாய். அந்த நாலு குஞ்சுமேல் எனக்கு இருக்கிற கோபத்தை யோசித்துக்கொண்டே வந்தால் அது சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. என்னைப் பெற்ற பிறகு அம்மா எத்தனை நாள் இருந்தார் என்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

அப்பாவிடம் போய், அக்காவை அழைத்து வந்துவிடலாம் என்றேன். அவர் உடனே அத்தைக்குப் போன் செய்தார். அஞ்சம்மா பெரியம்மாவை அனுப்பி அழைக்கிறேன் என்றார். அத்தை சொன்னது எனக்கே கேட்டது: "பக்கத்து வூட்டுக்காரி வந்து கூப்புட்டா அது அழைப்பாங்க சம்பந்தி? தாய்வூட்டுப் பொம்பள வந்து, தட்டு வெச்சி, என்னைப் பாத்துக் கேக்கணும். அப்பதான் அந்த வூட்ல என் மருமவளைப் பாத்துக்க ஒரு ஆள் இருக்குதுன்னு நான் நம்புவேன்." அவர்மேல் தப்பில்லை அக்கா. அவரும் உன்னை நினைத்துத்தான் கேட்கிறார்.

ஆனால் இந்த வீட்டுப் பொம்பளை யார்? நான் ஒருத்திதான். மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு என்று சொல்லவே சீட்டு எழுதிக்கொண்டு போகிறவள். உன் வளைகாப்பில் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் நின்று, மங்கம்மா அத்தை முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கேட்பேன்? என்னால் முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கம்பெனிக்குப் போகாதே. மீன் நடுத்துண்டைச் சாப்பிடு.

இப்படிக்கு,
வைஜெயந்தி


மரக்காணம்
ஆனி, முதல் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று அஞ்சம்மா பெரியம்மா பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிடிக்காத குஞ்சுதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சம் மூன்று. நேற்றுக் காலையில் நான் தலையில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். மீன் ஏலம் விடுகிற பக்கத்திலிருந்து ஒரு செவலை நாய் வரப்பேறி வந்தது. நேராகக் குஞ்சுகள் இருந்த இடத்துக்கு.

பச்சை வளையக்காரி என்ன செய்தாள் தெரியுமா? பறந்து தப்பிக்கவில்லை. நாய்க்கு முன்னால் போய் விழுந்தாள். ஒரு பக்க இறக்கை முறிந்தவள் மாதிரி தரையில் தேய்த்துக்கொண்டு, தத்தித் தத்தி, கத்திக்கொண்டே போனாள். நாய் குஞ்சுகளை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியது. வழக்கமாகக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்ச் சட்டென்று எழும்பிவிடுவாளாம். நேற்று எழும்ப முடியவில்லை. இறக்கையை அடிக்கிறாள், உடம்பு மேலே வரவில்லை. நாயின் வாய் அவள் வாலுக்குப் போய்விட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. "டேய், உட்றா அவளை! உட்றா எங்க அக்காவை!" என்று கத்தினேன் என்று பக்கிரி மாமா சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உப்பெல்லாம் சேற்றில். நாய் பயந்து வாயைத் திறந்தது. வால் இறகு கொஞ்சம் அதன் வாயோடு போய்விட்டது, அவள் பாத்திக்கு மேலே பறந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் உப்பளம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறது. கிழக்குப் பாத்திப் பெண்களெல்லாம் முக்காட்டை விலக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படியே பாத்தித் தண்ணீருக்குள் போய்விடலாமா என்று இருந்தது. பக்கிரி மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்: "யம்மாடி பாப்பா! உனுக்கு இத்தினி பெரிய தொண்டை இருக்குதா? இத்தினி நாளா ஊமைப் பொண்ணுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்! ஏம்பா தட்சணாமூர்த்தி, இது திருப்பூருக்குப் போயித்தான் கூப்புடணுமா? இங்கேர்ந்தே கூப்புட்டா மங்கம்மாவுக்குக் கேட்டுடும்ப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்காமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்து வைத்தேன். அவள் நாயை இழுத்துக்கொண்டு போன நேரத்தில் குஞ்சுகள் தனியாக இல்லை. அந்த ஆண் பறவை எங்கிருந்தோ வந்து மூன்றின் மேலும் நின்றுகொண்டிருந்தது. இன்னொருத்தர் இருந்ததால் மூன்றும் பிழைத்தன, அவளும் பிழைத்தாள். நீ என்னைத் தூக்கியபோது உனக்குப் பத்து வயது. பக்கத்தில் வந்து நிற்க யாரும் இல்லை.

கொட்டகைக்கு வந்ததும் அப்பாவிடம், நானே வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார், எங்கே நான் மனசு மாறிவிடுவேனோ என்று.

அதிலிருந்து உப்புக் குவியலை மங்கம்மா அத்தையாக நினைத்துக்கொண்டு சொல்லிப் பழகுகிறேன். "அத்தை, எங்க அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு எங்க வூட்டுக்குக் கூட்டிகினு போக வந்திருக்கேன். அனுப்பி வைங்க." அஞ்சம்மா பெரியம்மா பக்கத்தில் நின்று, "தலையை நிமித்துடி. உப்பா உன்னைக் கடிச்சிடப் போவுது?" என்கிறார். உப்பு கடிக்காது. அத்தையைத்தான் தெரியவில்லை. அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியுமா என்றால், தெரியாது, அஞ்சம்மா பெரியம்மா ஊற்றுவார் என்பேன். வேறு என்ன தெரியும் என்றால், சோறு ஆக்குவேன், துணி துவைப்பேன், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவேன், நாய் வந்தால் கத்துவேன் என்பேன். கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் அப்பா.

வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வந்துவிடுவோம். வளையல் வாங்கியாகிவிட்டது. உனக்குப் பச்சை வேண்டாம் என்று சொல்லி நான் சிவப்பில் எடுக்கச் சொன்னேன், பெரியம்மா பச்சைதான் மங்கலம் என்று சண்டை பிடித்தார். இரண்டும் இருக்கிறது. நீ ரயிலில் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், உனக்குக் கீழ்ப் படுக்கை கேட்டிருக்கிறார் அப்பா. விழுப்புரத்துக்குப் பக்கிரி மாமா வேனோடு வந்துவிடுவார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் ஓடி வந்து கட்டிக்கொள்ளாதே. நான் அழுதுவிடுவேன், மனப்பாடம் செய்தது மறந்துவிடும். நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் தூரமாகவே உட்கார்ந்திரு.

நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் வயிற்றில் இருப்பதன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். அது வரட்டும், வந்ததும் போய்விடும் என்கிறார் பெரியம்மா. போகாவிட்டாலும் தூளி ஆட்டக் கை இருக்கிறது. அது அழுதால் நான் எழுந்துகொள்கிறேன், நீ தூங்கு. பகலில் நீ பால் கொடு, படுத்துக்கொள், வேறொன்றும் செய்யாதே. நீலப் புடவையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். எலி கடிக்கவில்லை என்று பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தூளிக்குப் போதுமான அளவு கொடுத்துவிட்டேன். முந்தானைப் பக்கம் ஒரு முழம் மட்டும் கிழித்து எனக்கு வைத்துக்கொண்டேன். அதை யாரும் கேட்கக் கூடாது, பிறக்கப்போவதும்தான்.

பாப்பா என்ற பெயரை அதுவே வைத்துக்கொள்ளட்டும். பங்கு வேண்டாம். அத்தை முன்னால் நின்று கேட்கிறவளுக்கு அந்தப் பெயர் சரியாக வராது.

இன்று காலையில் பச்சை வளையக்காரியைப் பார்த்தேன். வால் மொட்டையாக, ஒரு காலை மடக்கிக்கொண்டு, தண்ணீரில் தனியாக நின்றாள். குஞ்சுகள் அந்த ஆணோடு மேய்ந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். அடுத்த வருஷம் வருவாளா என்று ஜான்சி அக்காவிடம் கேட்டேன். ஆமாம், நானே வாயைத் திறந்து கேட்டேன். அவர் தெரியாது என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை அக்கா. பாப்பாவுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே. எனக்குக் கொடுத்த மாதிரி கொடுக்காதே. உனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள். அடுத்த சித்திரையில், இரண்டு இடுப்பில் எதில் வேண்டுமானாலும் அதை வைத்துக்கொண்டு, நம் மேற்குப் பாத்தி வரப்பில் நீ வந்து நிற்க வேண்டும்.

உன்னை அழைக்க வருகிற,
வைஜெயந்தி